அடையாற்றோரம் பழைய வீடு: ஜாக்கி வைத்துத் தூக்குவதா, இடித்துத் தூண்மேல் கட்டுவதா?

வரதை_2004

வணக்கம். எங்கள் வீடு வரதராஜபுரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்தில். பெரிய மழை பெய்தால் முடிச்சூர் என்று டிவியில் காட்டுகிறார்களே, அதை ஒட்டிய பகுதி. 2004ல் அப்பா கட்டியது. அரை கிரவுண்ட் மனை, தரைத்தளம் மட்டும், 750 சதுர அடி. தூண் கிடையாது, பாரம் முழுவதும் சுவர்மேல்தான். பேஸ்மட்டத்தில் பெல்ட், அதாவது சுவர்களுக்கு அடியில் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை ஓடுகிறது. கட்டிய புதிதில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது ஒன்றரை அடி கீழே இறங்கிப் போகிறோம்.

2015 டிசம்பரில் ஹாலில் ஐந்தடித் தண்ணீர். 2023ல் மிக்ஜாம் புயலில் இரண்டடி. நடுவில் சில வருடங்கள் வாசலோடு போயிற்று. அம்மா, அப்பா இருவரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இனி பொறுக்க முடியாது என்று மூன்று யோசனைகள் வைத்திருக்கிறோம்.

ஒன்று, ஜாக்கி வைத்து வீட்டை மூன்று நான்கு அடி தூக்குவது. தெருவில் இரண்டு வீடுகள் அப்படிச் செய்திருக்கின்றன. இரண்டாவது, சுவரைத் தொடாமல் வீட்டுக்குள்ளேயே தரையை ஒன்றரை அடி உயர்த்துவது, செலவு குறைவு. மூன்றாவது, இடித்துவிட்டு கீழே வெறும் தூண்களோடு விட்டு, மேலே வீடு கட்டுவது. இதற்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்களுக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்க விருப்பமில்லை, அக்கம்பக்கத்துக்கு என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும்.

கொத்துக்கரண்டி

சார், நான் தாம்பரம் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். இடிப்பதாக இருந்தால் முதலில் மனை முழுக்கச் சவுடு மண் அடித்து ரோட்டுக்கு மேல் இரண்டடி வரும்படி ஏற்றிவிடுங்கள். அதற்கு மேல் மூன்றடி பேஸ்மட்டம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தூண்மேல் நிறுத்தினால் கீழ்த்தளம் வீணாகப் போகும். அரை கிரவுண்டில் அது பெரிய நஷ்டம்.

பள்ளத்துவீடு

"மனை முழுக்க மண் அடித்து" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள். அப்படி மண் அடித்த இரண்டு மனைகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு.

கணக்கைப் பாருங்கள். அரை கிரவுண்ட் என்றால் 1200 சதுர அடி. மூன்றடி உயர்த்த 3600 கன அடி மண் வேண்டும், அதாவது 36 யூனிட். வெள்ளத்தின்போது அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கு மேல். அது காற்றில் கரைந்து போவதில்லை, பக்கத்து வீட்டுக்கு வருகிறது. ஒரு தெருவில் இருபது பேர் இப்படிச் செய்தால் இருபத்தோராவது வீடு குளமாகிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். 2015ல் ஆறு பொங்கி வந்தபோதுதான் தண்ணீர் ஏறியது. இன்று நல்ல மழை இரண்டு மணி நேரம் பெய்தாலே படுக்கையறையில் கால் நனைகிறது. ஆறு அப்படியேதான் ஓடுகிறது, மாறியது பக்கத்து மனைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் மண் என்ற பெயரில் கொட்டுவது இடித்த கட்டடத்தின் ரப்பிஷ். அதோடு மனை ஓரத்தில் இருந்த சின்ன வாய்க்காலும் மூடிப்போகிறது. தண்ணீர் போகும் வழியும் போய், நிற்கும் இடமும் போய்விடுகிறது.

வரதை சார், அக்கம்பக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்துங்கள். மனையை மட்டும் உயர்த்தாதீர்கள்.

கொத்துக்கரண்டி

மேடம், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மனையை உயர்த்தாமல் கட்டிக் கொடுத்தால் வீட்டுக்காரர் முதல் மழையிலேயே போன் செய்து திட்டுவார். கார் எங்கே நிற்கும்? வயதானவர்கள் சேற்றில் எப்படி நடப்பார்கள்? இதையும் யோசிக்க வேண்டும்.

அஸ்திவாரம்

நான் கட்டமைப்புப் பொறியாளர், வெள்ளத்துக்குப் பிறகு வீடுகளைப் பார்வையிட்டுச் சொல்லும் வேலையும் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எந்த மட்டத்துக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லோரும் ரோட்டை வைத்துத்தான் பேசுகிறார்கள். ரோடு அளவுகோலே இல்லை, அது ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் அளவுகோல் 2015ல் ஹால் சுவரில் படிந்த கறை. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வெள்ள வழிகாட்டுதல், வீட்டுத் தரை வெள்ள மட்டத்துக்கு மேல் 0.6 மீட்டர், அதாவது இரண்டடி இருக்க வேண்டும் என்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் 45 சென்டிமீட்டர் பேஸ்மட்டம் சுற்றியுள்ள நிலத்திலிருந்து எடுக்கும் குறைந்தபட்ச அளவு. அது சாதாரண இடத்துக்கு. உங்கள் இடத்துக்கு 5 அடிக் கறை, மேலே 2 அடி. இப்போதைய தரையிலிருந்து 7 அடி உயரத்தில் புதுத் தரை வர வேண்டும். இதை மனத்தில் வைத்து மூன்று யோசனைகளையும் பாருங்கள்.

வீட்டுக்குள் தரையை உயர்த்துவதை விட்டுவிடுங்கள். 10 அடி உயர அறையில் ஒன்றரை அடி போனால் மிச்சம் எட்டரை. குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், ஏறக்குறைய 9 அடி வேண்டும் என்பது விதி. ஏழடியில் இருக்கும் லிண்டல், அதாவது கதவுக்கு மேலுள்ள உத்தரம், ஐந்தரை அடிக்கு வந்துவிடும், கதவு முழுவதையும் மாற்ற வேண்டும். ஜன்னல் முழங்காலுக்கு இறங்கும். இவ்வளவும் செய்து ஒன்றரை அடி. மிக்ஜாமுக்கே போதாது.

ஜாக்கி முறையில் பேஸ்மட்டத்துக்குக் கீழே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே சீராகச் சிறிது சிறிதாகத் திருகி ஏற்றுகிறார்கள். பெல்ட் இருப்பது உங்களுக்கு நல்லது. பெல்ட் இல்லாத வீட்டுக்குச் சுவருக்கு அடியில் இரும்புச் சேனல் கொடுக்க வேண்டும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: மேலே போவது சுவரும் கூரையும்தான், தரை பழைய இடத்திலேயே இருக்கும். உள்ளே நிரப்பிப் புதுத் தரை போட வேண்டும். குழாய், செப்டிக் டேங்க் இணைப்பு, படி, எர்த்திங் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். விலை பேசும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள். விரிசல் உள்ள சுவர், துருப்பிடித்து உப்பிய கூரைக் கம்பி, களிமண்ணில் ஒரு பக்கம் இறங்கிய அஸ்திவாரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் தூக்கக் கூடாது. வேலையை எடுப்பவரைச் சாராத ஒரு பொறியாளர் முன்கூட்டியே பார்த்து எழுத்தில் தர வேண்டும். வேலை முடியும் வரை யாரும் உள்ளே குடியிருக்கக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் நான்கடி தூக்கினால் மிக்ஜாமைத் தாண்டலாம், 2015ஐத் தாண்ட முடியாது. தூக்கிய சுவர்மேல் பிறகு மாடி எடுக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன்.

மூன்றாவது யோசனைதான் ஏழடிக் கணக்குக்குள் வருகிறது. கீழே எட்டரை அடி திறந்த தூண் தளம், மேலே வீடு. தண்ணீர் அடியில் நுழைந்து அடியில் வடியும். பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவது தூண் அளவுக்குத்தான். ஆனால் இரண்டு நிபந்தனைகள். 2016ஆம் ஆண்டின் நிலநடுக்க விதித்தொகுப்பு சென்னையை மண்டலம் மூன்றில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில் வைத்தது. கீழே வெறும் தூண், மேலே கனத்த சுவர் என்றால் அதிர்வில் கீழ்த்தளம்தான் முதலில் மடங்கும். தூண்களைக் கணக்கிட்டுத் தடிமனாகவும், படிக்கட்டைச் சுற்றி கான்கிரீட் சுவராகவும் வடிவமைக்க வேண்டும். ஒரு மேஸ்திரி கண்ணளவில் போடும் வேலை இல்லை இது. இரண்டாவது, எந்தக் காலத்திலும் அந்தத் தளத்தை அடைத்து அறையோ கடையோ ஆக்கக் கூடாது. ஐந்து வருடத்தில் வாடகை ஆசையில் அடைத்துவிடுகிறார்கள். அன்றே கட்டிய காரணம் போய்விடுகிறது.

கொத்துக்கரண்டி சொன்ன கார், சேறு விஷயத்துக்கும் வழி உண்டு. வாசலிலிருந்து படிவரை ஒரு நடைபாதையும் கார் நிற்கும் இரண்டு பட்டைகளும் மட்டும் உயர்த்தலாம். சுற்றிலும் உள்ள நிலம் இயற்கையான மட்டத்தில் மண்ணாகவே இருக்கட்டும்.

விற்றுவிட்டுவந்தவன்

இவ்வளவு எதற்கு? விற்றுவிட்டு மேட்டுப்பகுதிக்குப் போய்விடுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். அடையாறு கேட்பது அதனுடைய இடத்தை. அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது. 2015ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழை மறுபடியும் வரும்.

பள்ளத்துவீடு

உங்களால் முடிந்தது, நல்லது. ஆனால் வாங்குகிறவரிடம் எத்தனை அடி வந்தது என்று சொல்லி விற்றீர்களா? இந்தப் பகுதியில் சுவரில் கறை தெரியாமல் டைல்ஸ் ஒட்டி, கோடையில் ஆள் கூட்டி வந்து காட்டுகிறார்கள். இப்படி வாங்கி வந்த ஒரு குடும்பம் முதல் மழையில் தெருவில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். விற்பதானால் வெள்ள மட்டத்தைச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும்.

வரதை_2004

விற்கும் எண்ணம் இல்லை. ஆற்றுக் கரையிலிருந்து நாங்கள் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறோம். பட்டா மனை, நீர்நிலைப் புறம்போக்கு இல்லை. அப்பா ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீடு, அவருக்கு இந்தத் தெருதான் உலகம்.

அஸ்திவாரம் சார், விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஒரே தயக்கம், அம்மாவுக்கு மூட்டுவலி. மாடி ஏற வேண்டுமே.

அஸ்திவாரம்

படி உயரத்தை ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள். நடுவில் ஒரு இளைப்பாறும் மேடை, இரண்டு பக்கமும் கைப்பிடி. படிக்கட்டு ஓரம் சிறிய லிஃப்ட்டுக்கு இடம் விட்டுக் கட்டுங்கள், பணம் சேரும்போது போட்டுக்கொள்ளலாம். லிஃப்ட்டின் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மேலே இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மழை எச்சரிக்கை வந்தால் லிஃப்ட்டை மேல்தளத்தில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

கீழே தூண்களுக்கு நடுவே சிமெண்டில் ஒரு திண்ணை கட்டிக் கொடுங்கள். பகலில் அப்பா அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், தெருவோடு பேசலாம். வெள்ளம் வந்து போனால் கழுவிவிட்டால் போதும்.

கீழ்த்தளவாடகை

எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்களாகப் பேசுகிறீர்கள். வெள்ளப் பகுதிகளில் கீழ்த்தளத்தில் இருப்பது பெரும்பாலும் எங்களைப் போன்ற வாடகைக்காரர்கள்தான். வாடகை குறைவாக இருப்பது அங்கேதான்.

மிக்ஜாம் அன்று நாங்கள் வேளச்சேரியில் கீழ்த்தளத்தில் இருந்தோம். இரவில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. உரிமையாளர் வெளியூரில். முதல் மாடி வீட்டில் இருந்தவர்கள் கதவைத் திறந்து எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களும் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் விடியும்வரை படிக்கட்டில்தான்.

வீடு கட்டுகிறவர்களிடம் கேட்கிறேன். வெள்ளம் வரும் என்று தெரிந்த இடத்தில் கீழ்த்தளத்தைக் குடியிருப்பாக வாடகைக்கு விடாதீர்கள். ஏற்கனவே விட்டிருந்தால், மொட்டை மாடிச் சாவி ஒன்று கீழ்வீட்டாரிடம் கட்டாயம் இருக்க வேண்டும். மேலே ஒரு கூரை, ஒரு குழாய், ஒரு கழிப்பறை இருந்தால் இரண்டு நாள் உயிர் பிழைக்கலாம். கீழ்வீட்டு அறைகளில் ஏழடி உயரத்தில் பரண் போட்டுக் கொடுங்கள். பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ், மருந்து இவற்றைத் தூக்கி வைக்க ஓரிடம் வேண்டும். இதற்கெல்லாம் பெரிய பணம் ஆகாது. வாடகைக்கு வருகிறவரிடம் 2015ல் எவ்வளவு வந்தது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

சாவியைக்கொடு

மேலே எழுதியதை எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழுவில் அப்படியே போடுகிறேன். எங்கள் தெருவில் பாதி மொட்டை மாடிகள் பூட்டித்தான் கிடக்கின்றன.

மின்கம்பி

வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். வெள்ளத்தில் தண்ணீரை விட மின்சாரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

புது வீடோ பழைய வீடோ, மீட்டர், மெயின், ஃபியூஸ் எல்லாம் கறை மட்டத்துக்கு மேல் போகட்டும். மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். நீங்களாகத் தொடாதீர்கள். கீழ்த்தளத்துக்கென்று தனி டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்சுப் பெட்டி) போட்டு அதை மாடியில் வையுங்கள். கீழே தண்ணீர் வந்தால் அந்த ஒரு சுவிட்சை இறக்கினால் போதும், மேலே விளக்கும் மின்விசிறியும் ஓடும். தெரு முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தாலும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கீழ்த்தள வயரில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடியில்தான் இருக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் வயர் கூரையிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். தரை வழியாகக் குழாய் பதித்து மேலே ஏற்றினால் தண்ணீர் உள்ளே தங்கி மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். பிளக் பாயிண்ட் நான்கடிக்கு மேல். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச், கட்டாயம். வடிந்த பிறகு அவசரப்பட்டு மெயினைப் போடாதீர்கள். பாக்ஸைத் திறந்து காய வைத்து, மெக்கர் (வயரில் கசிவு உண்டா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்த பிறகுதான்.

ஏரல்_பக்கம்

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளங்கள் உடைந்து, ஆறும் சேர்ந்து வந்தது. அதுவரை தண்ணீரே பார்க்காத வீடுகளிலும் ஆள் உயரம் ஏறியது.

அதனால் ஒரு விஷயம். 2015 கறைக்கு மேல் இரண்டடி வைத்தோம், இனிமேல் எதுவும் வராது என்று நம்பிவிடாதீர்கள். எந்தக் கணக்கையும் தாண்டி ஒரு மழை வரும். அன்றைக்கு ஏறி நிற்க இடம் வேண்டும். எங்கள் பக்கம் ஓட்டு வீடுகளில் இருந்தவர்கள்தான் மிகவும் பட்டார்கள். மேலே ஏற வழியே கிடையாது. மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர் ஊறி விழுந்தது. பழைய வீட்டைச் சீரமைக்கும்போது ஒரே ஒரு அறைக்காவது கான்கிரீட் கூரை போட்டு, வெளியே படி வைக்கச் சொல்கிறேன். சிமெண்ட் வாங்கக் கையில் பணமில்லாதவர்களுக்கு அரசு வீட்டுத் திட்டங்களிலேயே இந்த வெளிப்படியைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.

எங்கள் பாட்டி வீடு நாலைந்து படி ஏறித்தான் திண்ணை. தோட்டம் மட்டும் தாழ்வாக இருக்கும், தண்ணீர் அதில் நின்று போகும். அந்த வீட்டில் பத்தாயத்துக்குக்கூட உயரமான கால் உண்டு.

சதுப்புநிலம்

பெரும்பாக்கம் பகுதியில் இருக்கிறேன். புதிதாக மனை வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முடிச்சூர் வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். 2015 டிசம்பர் 1ல் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மை. ஆனால் அந்த உபரிநீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலங்கல், அதாவது உபரிநீர் வழியும் இடத்துத் தண்ணீர். எந்தத் தண்ணீர் எந்த வழியாக உங்கள் மனைக்கு வரும் என்று தெரியாமல் வீடு கட்டக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள எப்.எம்.பி வரைபடம் (மனையின் நில அளவை வரைபடம்), அ-பதிவேடு (நிலத்தின் வகை எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு), கிராம வரைபடம் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். ஏரி உள்வாய் (ஏரித் தண்ணீர் பரவும் பகுதி), வாய்க்கால், கலங்கல் எல்லாம் அதில் தெரியும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் போட்டால் மனை இருக்குமிடம் அப்போது வயலா, தண்ணீரா என்று கண்ணாலேயே பார்க்கலாம். லே-அவுட்டுக்கு அனுமதி இருக்கிறது என்பது தண்ணீர் வராது என்பதற்குச் சான்று ஆகாது. டீக்கடையில் கேளுங்கள், ஆட்டோ ஓட்டுநரிடம் கேளுங்கள், மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

எங்கள் பக்கம் கதை இன்னும் மோசம். தென்சென்னையின் ஏரித் தண்ணீர் பெரும்பகுதி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். 2022ல் அந்தச் சதுப்புநிலத்துக்கு ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் அதைப்போல் பல மடங்கு பரந்திருந்த நிலம் அது. 2025ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்றது. வங்கிக் கடன் வாங்கி மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் தவித்தன, அவர்கள் வேதனை உண்மையானது. ஆனாலும் அந்தச் சதுப்பை இன்னும் சுருக்கினால் ஏற்கனவே கட்டிய வீடுகள்தான் முழுகும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

சில இடங்களில் எப்படிக் கட்டினாலும் பொறுப்பான வீடு ஆகாது. ஏரி உள்வாயில் தூண்மேல் நிறுத்தினாலும் தப்புத்தான்.

வரதை_2004

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். இடித்துத் தூண்மேல் கட்டுவது என்றே முடிவு. அப்பாவுக்குத் திண்ணை யோசனை பிடித்துவிட்டது. ஆனால் கடன், வரைபட அனுமதி எல்லாம் முடிந்து வேலை தொடங்க அடுத்த தை ஆகிவிடும். நடுவில் ஒரு மழைக்காலத்தைப் பழைய வீட்டில் கழிக்க வேண்டும். அதற்குக் குறைந்த செலவில் என்ன செய்யலாம்? எங்களுக்கு வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிப்பறை வழியாகத்தான் தண்ணீர் வருகிறது.

அஸ்திவாரம்

கழிப்பறை வழியாக வருவதைத் தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத வால்வு வேண்டும். அதை வீட்டுக் கழிவுநீர் வெளியேறும் கடைசிச் சேம்பரில் போட வேண்டும், செப்டிக் டேங்க் ஆனாலும் பாதாளச் சாக்கடை ஆனாலும். மழைக்கு முன் திறந்து சுத்தம் செய்யுங்கள். ஒரு துணி சிக்கியிருந்தாலும் மூடாது. வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குளித்தால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே பொங்கும்.

சம்ப் மூடியைச் சுற்றி இரண்டு மூன்றடிக்குச் சுவர் எழுப்பி மூடியை மேலே கொண்டு போங்கள், குடிதண்ணீரில் சாக்கடை கலக்காது. மழை எச்சரிக்கை வந்ததும் சம்ப்பை நிரப்பி வையுங்கள். 6000 லிட்டர் சம்ப் காலியாக இருந்தால் நிலத்தடி நீர் ஏறும்போது ஆறு டன் விசையோடு மேலே தள்ளும். அடித்தளம் பிளந்த சம்ப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

வாசலில் பள்ளம் வைத்த இரும்புச் சட்டம் அடித்து, பலகை செருகி இரண்டடி வரை தடுக்கலாம். அதற்கு மேல் தடுக்கவே பார்க்காதீர்கள். 10 அடி நீளச் சுவரை 3 அடித் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றேகால் டன் விசையோடு தள்ளும். 5 அடி ஆனால் மூன்றரை டன். உள்ளே காலியாக, வெளியே தண்ணீர் என்று வைத்தால் பழைய செங்கல் சுவர் தாங்காது. இரண்டடியைத் தாண்டும் என்று தெரிந்தால் பலகையை எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களோடு வெளியேறுங்கள். காம்பவுண்ட் சுவர் விழுவதும் இதே காரணத்தால்தான். அடியில் அங்கங்கே ஓட்டை விடுங்கள். புது வீட்டில் அடியில் கல், மேலே கம்பி வேலி போதும்.

கடப்பாகல்

அண்ணா, சமையலறையையும் பாருங்கள். 2015க்குப் பிறகு எங்கள் தெருவில் முதலில் குப்பைக்குப் போனவை பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள். கடப்பா கல் தட்டு வைத்த பழைய வீட்டார் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். கதவு பிவிசி, சுவர்ப் பூச்சு வெறும் சிமெண்ட். வடிந்த பிறகு உடனே பெயிண்ட் அடிக்க வேண்டாம், ஓதம் முழுக்கக் காயட்டும்.

ரோடுமட்டம்

வீட்டைப் பற்றியே பேசுகிறோம். வீட்டைப் பள்ளமாக்கியது யார்? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறியது. 2021ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவு இருந்தாலும் தெருவில் நாம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் செய்தது: தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் ரோடு மட்டத்தைச் சிவப்புக் கோடாக வரைந்து, தேதியோடு படம் எடுத்து வைத்தோம். வேலை தொடங்கும் அன்று அந்தப் படத்தையும் உத்தரவு நகலையும் பொறியாளரிடம் கொடுத்தோம். சுரண்டித்தான் போட்டார்கள். பத்து வீட்டார் சேர்ந்து நின்றது முக்கியம்.

பள்ளத்துவீடு

ரோடுமட்டம் சார், இதை எங்கள் தெருவிலும் செய்கிறோம்.

வரதை சார், இன்னொன்று. வீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் உண்டு, வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களுக்கும் ஒரு பங்கு தருகிறார்கள். மழைக்கு முன் எடுத்துவிடுங்கள், வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து வையுங்கள்.

கொத்துக்கரண்டி

வரதை சார், வேலையை எனக்குத் தந்தாலும் தராவிட்டாலும் இதைச் செய்யுங்கள். சாயில் டெஸ்ட்டை (மண் பரிசோதனையை) தை வரை தள்ளாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில், நிலத்தில் தண்ணீர் மேலே நிற்கும்போதே எடுங்கள். கோடையில் எடுத்தால் மண் கெட்டியாகத் தெரியும். அந்த அறிக்கையை அஸ்திவாரம் சாரைப் போன்ற ஒருவரிடம் காட்டிய பிறகு ஆழமாக இறக்கும் பைல் அஸ்திவாரமா, ஆழம் குறைந்த சாதாரண புட்டிங்கா என்று முடிவு செய்யலாம். இடிப்பதற்கு முன் 2015 கறை மட்டத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து எதிர்வீட்டுச் சுவருக்கோ விளக்குக் கம்பத்துக்கோ மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டை இடித்துவிட்டால் அந்தக் கறையும் போய்விடும், அப்புறம் எங்கிருந்து ஏழடி அளப்பது?

வரதை_2004

சரி சார். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டாரிடம் கேட்டுக் குறித்துவிடுகிறேன். சாயில் டெஸ்ட் அறிக்கை வந்ததும் இங்கேயே போடுகிறேன்.